சாவடிக்குத் திரும்புவோம்

மருத்துவர் கைவிரித்துவிட்ட நோயாளியை எந்த இல்லத்தில் சேர்க்கலாம் என்று வீரபாண்டிப் பகுதிக் குடும்பத்தார் நம்மிடம் கேட்பதுண்டு. முல்லையாற்றுப் பாசன வயல்களுக்கு அன்றாடம் கூலிக்குச் செல்வோர் கட்டிலருகே அமர்ந்திருக்க இயலாதல்லவா? அருட்சகோதரிகள் நடத்தும் இல்லமென்றால் போதும், வேறொன்றும் கேட்க வேண்டாம் என்பதே பலரது எண்ணம்.

பெயர் மட்டும் போதுமா? 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேசுவரத்தில் குருவானவர் ஒருவர் நடத்திய கருணை இல்லத்தின்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. அதிகாரிகள் ஆய்வு செய்து, அங்கிருந்தோரை வேறிடங்களுக்கு மாற்றினர். தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. ஆயினும் கருணை என்னும் சொல், கேள்விகளை மறைக்கும் திரையாகிவிடலாகாது.

வலி எவ்வளவு என்று நோயாளியிடமே நாள்தோறும் கேட்டுக் குறிக்கிறார்களா? தேவைப்படுவோர்க்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்கிறதா? இரவில் வலி மிகுந்தால் வருபவர் யார்? உறவினர் எந்நேரமும் வரலாமா? இறப்பு முறையாகப் பதிவாகிறதா? இவற்றைக் கேட்பது அவமதிப்பன்று, அன்பின் கடமை. 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறுதி வலி உடலோடு உள்ளத்தையும் உறவையும் ஆன்மாவையும் பற்றியது என்று கண்டார். செபம் உண்டு, மருந்தில்லை எனில் அது பாதிப் பணியே. மருந்துண்டு, ஆறுதலில்லை எனினும் அவ்வாறே.

வீட்டிலேயே வைத்துப் பேண விரும்புவோர், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வலிதணிப்புச் சேவையை முதலில் நாடலாம்.

நல்ல சமாரியர் காயமுற்றவரைச் சாவடிப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார், பணமும் தந்தார். ஆனால் திரும்பி வருவதாகச் சொல்லியே சென்றார். பொறுப்பாளரை அவர் ஐயுறவுமில்லை, நோயுற்றவரை மறக்கவுமில்லை. நாமும் திரும்பிச் சென்று பார்ப்போமாக.