பாரம் யார் தலையில்?

‘ஊழியப் பாரம்’ என்கிற சொல் சபைக் கூட்டங்களில் ரொம்பவும் அடிபடுகிறது. ஆயர்மார் முகாம்களிலும் தலைமைத்துவப் பயிற்சிகளிலும், தலைவர் ஒருவரே எல்லாப் பாரத்தையும் சுமக்கக் கூடாது, பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறார்கள். நல்லது. எந்தத் தலைவர், எந்தப் பாரம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உபதேசியார் வீட்டில் பிறந்தவளான எனக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

எங்க அப்பா பாலாற்றுக்கு வடக்கே ஒரு சேரியில் இருபத்தாறு வருஷம் உபதேசியாராக இருந்தார். சேகரத்தில் பதினாலு கிராமம். ஆயர் ஒருத்தர்தான், டவுனில், மதில் சுவர் போட்ட பங்களாவில் இருப்பார். எங்க பக்கத்தில் அவரை ‘ஐயரு’ என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ‘ஐயரம்மா’. சாதியை உதறிவிட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்கிற சபை, தன் குருவுக்கு எந்தப் பேரை எடுத்து வைத்துக்கொண்டது பாருங்கள். மாசம் ஒரு தரம், சில சமயம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம், திருவிருந்து கொடுக்க ஐயர் வருவார். உபதேசியார் திருவிருந்து கொடுக்கக் கூடாது. ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் செய்யலாம்.

அந்த மற்றதெல்லாம் என்ன? விடியக்காலம் மணி அடிக்கணும். ஞாயிறு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி நடத்தணும். ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஜனங்கள் கழனி வேலை முடித்து வந்து கஞ்சி குடித்த பிறகு, வீடு வீடாக ஜெபம். பிரசவ வலி என்றால் வண்டி பிடிக்கணும். சாவு விழுந்தால் குழி வெட்ட ஆள் சேர்க்கணும். பிணத்தை இந்த வழியாகக் கொண்டுபோகாதே என்று ஊர்க்காரன் மறித்தால் முதல் ஆளாகப் போய் நிற்கணும். குடிச்சிட்டு அடிக்கிற புருஷன்கிட்டேயிருந்து தப்பி வந்த பொண்ணுக்கு எங்க வீட்டுத் திண்ணையில் பாய் போடணும். சந்தா வசூலில் பாக்கி விழுந்தால் சேகரக் கமிட்டியில் திட்டு வாங்கணும். சேர்ந்தாற்போல மூணு மாசம் சம்பளம் வராத காலமும் உண்டு.

அம்மாவுக்குச் சம்பளமே கிடையாது. ஆனால் உபதேசியாரம்மா இல்லாமல் உபதேசியார் வேலை ஒரு நாள்கூட நடக்காது. எங்க சேரியில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலையில் அரிசி போடும்போது ஒவ்வொரு வீட்டுப் பொம்பளையும் ஒரு பிடி எடுத்துத் தனிச்சட்டியில் போட்டு வைப்பாள். கூலி கிடைக்காத நாளிலும், பிள்ளைக்குப் பத்தாத நாளிலும் அந்தப் பிடி விழும். சனிக்கிழமை அம்மா வீடு வீடாகப் போய் வாங்கி, அளந்து, விற்று, காசை டவுனுக்கு அனுப்புவாள். ரசீது அப்பா பேரில் வரும். சேகரக் கமிட்டியில் இந்தப் பெண்களில் ஒருத்தியும் கிடையாது.

2003இல் எங்க பையன்கள் நாலு பேரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததற்காக அடித்தார்கள். அப்பாதான் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். “நீங்கதான் வேதக்காரங்களாச்சே உபதேசியாரே, அந்தச் சட்டத்துல எப்படிய்யா கேஸ் போடறது?” என்று அங்கே கேட்டார்கள். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியாருக்கு. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையோ, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நானச் சர்டிபிகேட்டைப் பார்த்தா அடிக்கிறான்? அப்பா ஐயருக்கு ஆள் அனுப்பினார். ஜெபம் பண்ணிக்கிறேன் என்று பதில் வந்தது. ஊரோடு பகை வேண்டாம் என்று கமிட்டிப் பெரியவர்கள் புத்தி சொன்னார்கள். சபையின் உண்மையான பாரம் அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தது.

பயிற்சிகளில் வழக்கமாக எடுத்துக் காட்டுவது மோசேயை. மாமன் எத்திரோ வந்து, ஒருத்தனாக இப்படி நியாயம் தீர்த்துக்கொண்டிருந்தால் தாங்கமாட்டாய், ஆயிரத்துக்கும் நூறுக்கும் ஐம்பதுக்கும் பத்துக்கும் ஆட்களை வை என்கிறான். களைத்துப்போன தலைவனுக்கு ஓய்வு என்பதாக இதைப் படிக்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்தாலும் அதே கதைதான்: அப்போஸ்தலருக்கு ஜெபம், மற்றவருக்குப் பந்தி விசாரணை, ஆகவே வேலைப் பிரிவினை. ஆனால் அங்கே பிரச்சினை எதிலிருந்து தொடங்குகிறது? தினசரிச் சோற்றுப் பங்கீட்டில் கிரேக்கர் பக்கத்து விதவைகளை ஒதுக்கினார்கள். அவர்கள் முறுமுறுத்தார்கள். பாகுபாடு பற்றிய புகார் அது. அப்புறம் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பங்கீட்டை ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அவர்களும் பந்தியோடு நிற்கவில்லை. ஸ்தேவான் பேசிப் பேசியே கல்லடி பட்டுச் செத்தான். பிலிப்பு சமாரியாவுக்குப் போனான். இந்தப் பகுதியை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த விதவைகளைப் பற்றி ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பேசின பிரசங்கியாரை நான் பார்த்ததில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இன்னொன்றும் உறுத்துகிறது. திருவிதாங்கூரில் சர்க்கார் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலைக்கும் ‘ஊழியம்’ என்றுதான் பெயர். ஒடுக்கப்பட்ட சாதிகள் அதில் முதுகொடிந்தார்கள். கூலி கேட்காமல் செய்வதே பரிசுத்தம் என்று உபதேசியாரிடம் சொல்லும்போது அந்தப் பழைய ஊழியத்தின் வாடை அடிக்கிறது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் தோர்ணக்கலில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார் என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். தெலுங்கு நாட்டில் அந்தச் சபையைப் பெருக்கியவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். அவர்கள் நடுவே குடிசையில் தங்கி எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுத்தவர்கள் கிராம உபாத்திமார்களும் அவர்கள் மனைவிமார்களும். அவர்களுக்கு எந்தப் பேராலயத்தில் கல்வெட்டு இருக்கிறது?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு (2005இல் காலமானார்) பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தோடு சேர்த்து வைத்துப் பேசினார். பறையைச் சபைகள் ஓரளவு ஏற்றுக்கொண்டன, அதுவும் விழா நாட்களில். உலை விஷயத்தில்தான் தயக்கம். ஒரே உலை என்றால் அரிசி யாருடையது, கரண்டி யார் கையில் என்ற கேள்வி வந்துவிடும் அல்லவா!

அப்பா 2014இல் ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் எங்க சேரிக்கு உபதேசியார் போடவில்லை, பணமில்லையாம். ஆராதனை நிற்கவில்லை. கைப்பிடி அரிசி சேர்த்த பெண்களே ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஜெபம் நடத்துகிறாள். ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். நூறு நாள் வேலையில் மேஸ்திரியாக இருந்தவள் கணக்கு எழுதுகிறாள். ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்றால் அஞ்சு பேரும் சேர்ந்து போகிறார்கள். ‘தனியாப் போனாத்தான் பயம்டி’ என்று எங்க பெரியம்மா சொல்லும். கோயில் சாவி வாரத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும்.

இப்போதைய ஆயர் நல்லவர். ‘சகோதரிகள் என் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள்’ என்று பீடத்தில் நின்று பாராட்டினார். அந்த வாரமே அஞ்சு பேரும் அவரைப் போய்ப் பார்த்துக் காணிக்கை நோட்டில் எங்க கையெழுத்தும் வேணும், சேகரக் கமிட்டியில் ரெண்டு இடம் வேணும் என்று கேட்டார்கள். கையெழுத்துக்கு ஒத்துக்கொண்டார். கமிட்டி விஷயம் விதியில் இல்லையாம், மேலே எழுதிக் கேட்கணுமாம். அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கை இந்த வருஷம் பீடத்தருகே நின்று யார் வாசிப்பது என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. பெரியம்மா ஒரு பழைய கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள்.