அம்பும் வலையும்

மிஷிகனிலிருந்து என் மருமான் எழுதியிருந்தான். வில்லெடுத்து மான் வேட்டை பழகுகிறானாம். மானைத் துரத்தி ராமன் பட்ட பாடு தெரிந்தும் இந்த ஆசை! அங்கே அதற்குப் பாடம், பரீட்சை, லைசென்ஸ் எல்லாம் உண்டு. இங்கே 1972-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் ஜெயில்தான்.

இருபது கஜத்துக்குள் மான் வரும் வரை, தன் வாடையைக் காற்று அதனிடம் கொண்டுபோகாத இடத்தில் அசையாமல் நிற்க வேண்டுமாம். முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் அம்பு தைக்க வேண்டும். தைத்ததும் துரத்தக் கூடாது. அரைமணி பொறுத்து, ரத்தச் சுவடு பார்த்துப் போகவேண்டும்.

காசிமேட்டில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த என் கிழச் சிநேகிதரிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

"மழையில சுவடு கரைஞ்சிட்டா இன்னா சார் பண்ணுவாரு?" என்றார், ஊசியை நிறுத்தாமல்.

நான் விழித்தேன்.

அந்த வலையில் போன வாரம் புள்ளி புள்ளியாய் ஒரு திமிங்கிலச் சுறா சிக்கியதாம். 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. வலையை அறுத்து விட்டிருக்கிறார். வலைக் கடன் இன்னும் தீரவில்லை. அவர் பேசியதோ சுறாவைப் பற்றித்தான்.

"கொஞ்ச நேரம் மெதந்துது சார். அப்பால எறங்கிப் பூட்ச்சு. பொழைச்சுதோ இல்லியோ!"

மழைக் கேள்வியை மருமானுக்கு எழுதினேன். மழை வரும் போலிருந்தால் அன்று வில்லையே தொடாதே என்று அவன் வாத்தியார் சொல்லியிருக்கிறாராம். கிழவரிடம் சொன்னேன்.

"நல்ல வாத்தியாரு" என்றார்.