மாமாவின் இரட்டைக்குழல்

தோல் ஃபேக்டரியில் வந்த பி.எஃப். பணத்தில் ஆம்பூர் மாமா வாங்கியது ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. நிலக்கடலையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற. லைசென்ஸ் எல்லாம் சரிதான். ஆனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பன்றியைச் சுட முடியாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். 2019 ஏப்ரலில் ஆம்பூர் இடைத்தேர்தல். பணப் பிடிபாட்டால் ரத்தான வேலூர் மக்களவைத் தேர்தல் ஆகஸ்டில். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை அலைந்தார்.

“பன்னிய வெரட்ட வாங்கினாரா, போலீஸ் ஸ்டேஷன் படியேறவா?” என்பார் அத்தை.

“வித்துத் தொலைக்கலாம்னா, வாங்கறவனும் லைசென்ஸ் வெச்சிருக்கணுமே மாப்ள. அந்தப் பணத்துல வேலி போட்டிருக்கலாம்.”

ராத்திரியில் தகர டின்னைத் தட்டித்தான் விரட்டுகிறார்.