பெண்ணின் பெயரில் ஓர் ஏக்கர்

திருவாரூர் வழியாக வேளாங்கண்ணித் திருத்தலத்திற்குச் செல்லும் நம்மில் பலரும் கீழ்வேளூரைக் கடந்தே போகிறோம். கீழவெண்மணி அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. 1968-ஆம் ஆண்டு திசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் பகல் முடிந்து நம் இல்லங்களில் விளக்குகள் அணையாதிருந்த இரவு வேளையில், அவ்வூரின் தலித் மக்கள் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். சங்கமாய்த் திரண்டு கூலி நெல்லைச் சற்றே கூட்டிக் கேட்டதுதான் அம்மக்கள் செய்த குற்றம். தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

அக்கொடுமைக்குப் பின் கீழத் தஞ்சைக்கு வந்து, இங்கேயே தங்கிப் பணியாற்றியவர்கள் சர்வோதயத் தொண்டர்களான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். கிருஷ்ணம்மாளோ நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து பட்டம் பெற்றவர். நிலமின்மையின் வலியை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981-இல் இருவரும் தொடங்கிய அமைப்பே ‘லாப்டி’ எனப்படும் உழுபவர் நில உரிமை இயக்கம்.

அதன் வழிமுறை ஆரவாரமற்றது. நிலத்தை விற்க இசைபவரிடம் பேசி நியாய விலை முடிப்பார்கள். வங்கிக் கடனுக்கும் அரசு மானியத்துக்கும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார்கள். பிறகு குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் வீதம் பதிவு செய்வார்கள். பதிவு பெண்ணின் பெயரில். கணவன் பெயரில் இருந்தால் கள்ளுக்கும் கடனுக்கும் அது அடகு போகக்கூடும் என்பதைச் சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்களே நன்கறிவர். இவ்வாறு 10,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கைமாறியிருக்கிறது. 2008-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது இருவரையும் தேடி வந்தது.

ஆயினும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி உறுத்தவே செய்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாய் உழைத்தவர், அதே மண்ணை விலை கொடுத்தா வாங்க வேண்டும்? கேள்வி நியாயமானதே. நில உச்சவரம்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 1970-இல் வரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கவும் பட்டது. அறக்கட்டளைகளின் பெயராலும் பினாமிகளின் பெயராலும் நிலம் ஒளிந்துகொண்டது. சட்டம் முழு நீதி வழங்கும்வரை காத்திருந்தால், அந்தத் தாய்மார்களின் காலமே முடிந்திருக்கும். ஆகவே இந்த விலையை நாம் நீதி என்று சொல்லமாட்டோம். ஆனால் அதைக் கொடுத்தவர்களைக் குறைசொல்லவும் மாட்டோம்.

பட்டா கிடைத்ததோடு போராட்டம் ஓயவில்லை. தொண்ணூறுகளில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. உப்பு நீர் வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் ஊறியது. வயல் உவரானால் பட்டா வெறுங்காகிதமன்றோ? ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் சென்றார். கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலுள்ள இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996 திசம்பரில் தீர்ப்பு வந்தது. அதைச் செயற்படுத்தவிடாமல் தடுக்க நடந்த முயற்சிகள் தனிக் கதை. அவர் 2013-இல் மறைந்தார்.

நாகை கடைமடைப் பகுதி. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா வயலையும் நனைத்த பிறகே இங்கு வந்து சேரும். சில ஆண்டுகளில் வராமலும் போகும். சம்பாப் பருவத்தில் வாய்க்கால் கரையில் நின்று, தன் ஓர் ஏக்கருக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பவர்களுள் பண்ணையாள் ஒருவரின் பேத்தியும் இருக்கிறாள்.