இடசாரி வலசாரி

பழந்தமிழர் குதிரையின் ஓட்டத்தை ஐந்து கதி என்று எண்ணினர். அது வட்டமிட்டுத் திரும்பும் வகையைப் பதினெட்டுச் சாரி என்று பகுத்தனர். இடப்பக்கமாகச் சுற்றி வருதல் இடசாரி. வலப்பக்கமாகச் சுற்றி வருதல் வலசாரி. ஓடுவதற்கு ஐந்தே வகை கண்டவர்கள் திரும்புவதற்குப் பதினெட்டு வகை கண்டார்கள் என்பது எண்ணத்தக்கது. குதிரையை நன்கு அறிந்தவர்க்கே அவ்வாறு எண்ணத் தோன்றும்.

குதிரையைப் பற்றிப் பேச வெள்ளறடைக்காரருக்கு என்ன உரிமை என்று அன்பர்கள் வினவலாம். நெய்யாற்றின்கரைப் பகுதியின் கிழக்கெல்லையில், ரப்பர்த் தோட்டங்களுக்கும் குருசுமலைக்கும் இடையே கிடக்கும் நம் ஊரில் குதிரை இல்லை. திருவனந்தபுரத்திலே சுவாதித் திருநாள் மன்னர் கட்டுவித்த குதிரை மாளிகையின் இறவாரத்தின் கீழ் மரத்தில் செதுக்கிய குதிரைகள் 122 உண்டு. அவை நூற்றெண்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் ஓடும் கோலத்திலேயே நிற்கின்றன, ஒருமுறையேனும் திரும்பியதில்லை. நாம் சிறுவயதில் கண்ட குதிரைகள் அவையே.

எனினும் காலம் நம் மக்களை எங்கெங்கோ கொண்டு சேர்த்துவிட்டது. டெக்சாஸில் குடியேறிய நம் உறவினர் மகள் ஒருத்தி அங்கே குதிரையேற்றம் பயில்கிறாள். அவள் பீப்பாய்ப் பந்தயத்துக்குப் பழகும் காட்சியை அண்மையில் நமக்குக் கைப்பேசியில் அனுப்பினாள். குதிரை இடப்பக்கம் இனிதே திரும்புகிறது. வலப்பக்கம் திரும்பும்போது பீப்பாய் சாய்ந்துவிடுகிறது. என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். அக்கடிதத்தில் ‘மாமா’ என்னும் ஒரு சொல்லே தமிழ், மற்றவை ஆங்கிலம். நம் பாட்டனார் வண்டிமாடு பழக்கியவர் என்று அவள் தந்தையார் சொல்லியிருந்தார் போலும். அவளுக்கு விடை எழுதும் பொருட்டுப் படித்தவையும் கேட்டவையுமே இக்கட்டுரையாயின.

பீப்பாய்ப் பந்தயம் இன்னதென்று முதலில் அறிவோம். 1948இல் டெக்சாஸின் சான் ஆஞ்சலோ நகரில் 38 பெண்கள் கூடித் தமக்கென ஒரு ரோடியோச் சங்கம் கண்டனர். அவர்கள் வளர்த்த ஆட்டம் இது. நம் ஊரில் ரப்பர்ப் பால் ஊற்றி வைக்கும் பீப்பாய் போன்ற மூன்று பீப்பாய்களை முக்கோணமாக நிறுத்துவர். தொடக்கக் கோட்டிலிருந்து முதலிரண்டு பீப்பாய்கள் 60 அடித் தொலைவில் உள்ளன. அவ்விரண்டுக்கும் இடையே 90 அடி. அவற்றிலிருந்து மூன்றாவதற்கு 105 அடி. மூன்றையும் சுற்றிவிட்டுக் குதிரை வந்தவழியே பறந்து மீள வேண்டும். தேர்ந்த குதிரைக்கு இவையெல்லாம் சற்றேறக்குறைய 17 நொடி. ஒரு பீப்பாய் விழுந்தால் 5 நொடி தண்டம். நொடியில் நூற்றில் ஒரு பங்கினால் பரிசு கைமாறும் ஆட்டத்தில் 5 நொடி என்பது தோல்வியே.

இனித் திருப்பத்தைக் காண்போம். சாய்ந்த பீப்பாயைக் கண்டவர் பீப்பாயின் அருகே பிழையைத் தேடுவர். பிழை பெரும்பாலும் அதற்குச் சில அடி முன்னரே நிகழ்ந்திருக்கும். முழு விரைவோடு வரும் குதிரையின் உடற்பாரம் முன்னங்கால்களில் இருக்கிறது. அந்நிலையில் வாரைப் பிடித்து இழுத்தால் தோள் உட்புறம் சரியும், பின்பகுதி வெளியே வீசும், பீப்பாய் விழும். ஆகவே பீப்பாயை அடையுமுன் சவாரிக்காரர் சேணத்தில் அழுந்த அமர்ந்து குதிரைக்குக் குறிப்புணர்த்த வேண்டும். குதிரை விரைவை அடக்கிப் பாரத்தைப் பின்னங்கால்களில் ஏற்றும்; உட்புறப் பின்னங்காலை ஊன்றித் திரும்பும். இவ்வாறு அடங்கிய குதிரையே திருப்பம் முடிந்ததும் அம்பெனப் பாயவல்லது.

மேலும் இரண்டு உண்டு. பீப்பாயை ஒட்டியே நுழையலாகாது. குதிரையின் உடல் வளைவதற்கு வேண்டிய இடம் விட்டு நுழைந்து, நெருங்கி வெளிவர வேண்டும். கண்ணும் பீப்பாயின் மீது நிலைக்கலாகாது. பார்வை சென்ற இடத்துக்கு உடல் சாயும். உடல் சாய்ந்த இடத்துக்குக் குதிரை செல்லும். விழுமோ என்று பீப்பாயையே நோக்குபவர் அதன் மீதே குதிரையைச் செலுத்துகிறார். அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தை நோக்குபவர் பீப்பாயைக் காப்பாற்றுகிறார்.

இவ்வறிவு புதியதன்று. கிரேக்கப் பெருங்காப்பியமாகிய இலியத்தில் தேர்ப்பந்தயம் ஒன்று வருகிறது. முதியவர் நெசுத்தார், விரைவு குறைந்த குதிரைகளை உடைய தம் மகனுக்குத் திருப்பத்தின் நுட்பத்தைக் கற்பிக்கிறார். இடக்குதிரை எல்லைக்கம்பத்தை நெருங்கி வரட்டும். வலக்குதிரைக்கு வாரைத் தளர்த்தி ஊக்கு. கல்லில் மட்டும் உரசிவிடாதே என்பது அவர் உரையின் சாரம். நம் தென்மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயத்திலும் எல்லை வரை சென்று திரும்புவது உண்டு. அங்கும் வெளிப்புற மாடு மிகுதியான தூரம் ஓட வேண்டும்; உட்புற மாடு அடங்கி நிற்க வேண்டும்.

அவ்வண்டிமாட்டிலிருந்தே நம் உறவுப் பெண்ணின் வினாவுக்கு விடை பிறந்தது. உழவர் இடப்பக்கம் பூட்டும் மாட்டை இடத்தை என்பர். வலப்பக்கம் பூட்டுவதை வலத்தை என்பர். பழகிய பக்கத்தை மாற்றிப் பூட்டினால் மாடு தடுமாறும் என்பது பாட்டனார் காலத்திலிருந்து நம் வீட்டில் வழங்கும் பேச்சு. குதிரைக்கும் இயல்பிலேயே ஒரு பக்கம் இளக்கமாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் இருக்கும். இடப்பக்கம் திரும்ப இடக்காலை முன்வைத்துப் பாய வேண்டும். வலப்பக்கம் திரும்ப வலக்காலை முன்வைக்க வேண்டும். பந்தயத்திலோ ஒரு பக்கம் ஒரு திருப்பமும் மறுபக்கம் இரண்டு திருப்பமும் உண்டு. எந்தப் பக்கம் இரண்டு என்பதைச் சவாரிக்காரர் தெரிந்துகொள்ளலாம். எளிய பக்கத்தை இருமுறை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கடினமான பக்கத்தை அறவே விலக்க இடம் தரவில்லை.

இறுகிய பக்கத்தை இளக்கும் வழி யாது? ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செனபோன் என்னும் கிரேக்க அறிஞர் குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், குதிரையை இருபக்கமும் மாறிமாறித் திரும்பப் பழக்குக என்றார். அதுவே இன்றும் வழி. முதலில் நடையில் வட்டம், வட்டம் சீரானபின் மெல்லோட்டத்தில் வட்டம், அதன்பின் பாய்ச்சல். இறுகிய பக்கத்துக்குச் சற்று மிகுதியான பயிற்சி. ஆயினும் களைப்பு வருமுன் நிறுத்த வேண்டும். பீப்பாய்களைச் சுற்றி நாள்தோறும் முழு விரைவில் ஓட்டினால் குதிரை வெறுப்புறும். திருப்பத்தைத் தானே முந்திக்கொண்டு பீப்பாயைத் தள்ளும். எல்லாவற்றுக்கும் முன், திரும்ப மறுக்கும் குதிரைக்குப் பல்லிலோ குளம்பிலோ முதுகிலோ நோவு உண்டா, சேணம் உறுத்துகிறதா என்று பார்த்தல் வேண்டும். நோவு உள்ள குதிரையை அடித்தால் அது திருப்பத்தைக் கற்காது, அச்சத்தையே கற்கும்.

பழக்கம் உள்ளே ஊறிவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு 1985ஆம் ஆண்டு தேசிய இறுதிப் பந்தயம் சான்று. சார்மெய்ன் ஜேம்ஸ் என்னும் இளம்பெண்ணின் குதிரை ஸ்கேம்பர். ஒரு சுற்றில் அதன் கடிவாளம் கழன்றுவிட்டது. குதிரை நிற்கவில்லை, மூன்று பீப்பாய்களையும் முறையாகச் சுற்றி அச்சுற்றை வென்றது. அவ்விருவரும் 1984 முதல் 1993 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் பெற்றனர். வாரின் இழுப்பில் மட்டும் திரும்பிய குதிரையாக இருந்திருந்தால் அன்று அது களத்தைவிட்டே ஓடியிருக்கும்.

இவற்றையெல்லாம் எழுதும்போது நம் நெஞ்சில் வேறொரு திருப்பமும் நின்றது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பள்ளியில் மலையாளமும் அடுக்களையில் தமிழுமாக வளர்ந்த தலைமுறைகள் நம்முடையவை. பனச்சமூட்டுச் சந்தையில் ஒரே பேரத்துக்குள் இருமொழிக்கும் திரும்பத் தெரிந்தவர்கள் நாம். பின்னர் பணியின் பொருட்டு வெளியூர் சென்றபோது, நம் எல்லைத் தமிழைக் கேட்டு நகைத்தவர்களும் உண்டு. நகைப்புக்கு அஞ்சிச் சில காலம் தமிழில் பேசாதிருந்தவர்களும் நம்முள் உண்டு. அதுவும் சேணம் உறுத்திய புண் போன்றதே.

அயலூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தியோ ஆங்கிலமோ இளகிய பக்கம். தமிழ் இறுகிய பக்கம். நாளின் இரண்டு திருப்பங்களைப் பள்ளிமொழி எடுத்துக்கொள்ளட்டும், அதில் குற்றமில்லை. ஒரு திருப்பமேனும் தமிழுக்கு இருத்தல் வேண்டும். பிள்ளை தமிழில் பேச மறுத்தால் கடிந்துகொள்ளுமுன், யார் நகைத்தார் என்று கேட்டறிவோம். பெரும்பாலும் வீட்டுக்கு வந்த விருந்தினரோ நாமோதான் நகைத்திருப்போம். நாள்தோறும் கால்மணி நேரம், உணவின்போதோ உறங்குமுன்னோ, தவறுக்குச் சிரிக்காத பேச்சுப் போதும்.

டெக்சாஸ் பெண்ணுக்கு நாம் எழுதிய விடை இரண்டு பக்கம். குதிரையின் பல்லையும் சேணத்தையும் பார்த்தபின், வலப்பக்கம் பத்து வட்டம் நடையிலேயே செலுத்துக என்றோம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணிக்கொள்க என்றும் சேர்த்தோம். ஏழுக்கும் எட்டுக்கும் இடையே அவள் தடுமாறுவதாக அவள் அன்னையார் தெரிவித்தார். குதிரையோ இப்போது வலப்பக்கம் தலையைத் திருப்பத் தொடங்கியிருக்கிறதாம். இரண்டும் மெல்லவே சீராகும்.