கிறிஸ்துமஸுக்கு வீடு கழுவுறது கோயில் வேலையா?



மார்கழி பூஜை ஆரம்பிச்சதிலிருந்து ஒரே கேள்வியை நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. "கோயில் தொண்டர்கள் வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில கிறிஸ்தவங்க வீட்டுக்குப் போய்க் கழுவித் துடைச்சுக் கொடுக்கிறீங்களாமே, இது கோயில் வேலையா?" யாரும் கோபமா கேட்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. வாட்சப்பில ஒவ்வொருத்தருக்கா பதில் போடுறதைவிட இங்கேயே எழுதிடறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

இது 2021-ல ஆரம்பிச்சது. அந்த வருஷம் டிசம்பர் 18 சனிக்கிழமை. விடாம பெய்த மழையில கிள்ளான் பள்ளத்தாக்கே முழுகிப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில மக்கள் கூரை மேல உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தாங்க. நம்ம டெங்கில் பக்கம் லங்காட் ஆறு கரை தாண்டி வீடுகளுக்குள்ள வந்துருச்சு. அந்த வெள்ளத்தால நாடு முழுக்க 610 கோடி ரிங்கிட் நட்டம்னு புள்ளிவிவரத் துறை பின்னால சொன்னது.

அடுத்த சனிக்கிழமை கிறிஸ்துமஸ். நடுவுல ஏழே நாள்.

முதல் மூணு நாள் சமையல் வேலைதான். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில பெரிய அளவில சமைச்சுக் கொடுத்தாங்க. நம்ம கோயில் மண்டபத்திலயும் முடிஞ்ச அளவு சாம்பார் சாதம், மீஹூன்னு பொட்டலம் கட்டினோம். அந்த வாரத்துலதான் திருவாதிரை வந்தது. களியையும் கூட்டையும் அப்படியே நிவாரண மையத்துக்குக் கொண்டு போனோம். தண்ணி வடிஞ்ச பிறகுதான் உண்மையான வேலை தெரிஞ்சது. வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சேறு. குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து கிடக்குது. சோபா, மெத்தை எல்லாம் ஊறி, நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியல.

மண்டபத்துல உட்கார்ந்து எந்த வீடு முதல்ல, எது அடுத்ததுன்னு பட்டியல் போட்டோம். இந்து வீடு, மலாய்க்கார வீடு, கிறிஸ்தவ வீடு எல்லாமே அதுல இருந்தது. அப்போ நம்ம பக்தை ஒருத்தங்க, தன் வீட்டிலயும் இடுப்பளவு தண்ணி ஏறியவங்க, எழுந்து சொன்னாங்க: "கிறிஸ்துமஸ் கொண்டாடுற வீடுகளை முதல்ல எழுதுங்க. அவங்களுக்குத்தான் தேதி இருக்கு. எனக்குப் பொங்கல் வரைக்கும் நேரம் இருக்குது."

அதுக்கு மேல யாரும் ஒண்ணும் பேசல. அந்தம்மா வீட்டை நாங்க கழுவினது 27-ஆம் தேதி. அதுவரைக்கும் அவங்க அண்ணன் வீட்டுக் கூடத்துல பாய் போட்டுப் படுத்துக்கிட்டாங்க. பகல்ல எங்களோட வந்து மத்தவங்க வீட்டுச் சேறு வாரினாங்க.

நாங்க போன முதல் வீட்டுல ஒரு பாட்டி, மகன், மருமகள், ரெண்டு பேரப்பிள்ளைங்க. பாட்டி வாசல்லயே தடுத்துட்டாங்க. "வேணாம்பா. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வேணாம். உயிரோட இருக்கோம்ல, அது போதும்." அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் சுட்டு டின்ல அடைச்சு வெச்சிருந்தாங்களாம். எல்லாம் தண்ணியில போச்சு. பேத்திக்கு எடுத்த புதுப் பாவாடை பிளாஸ்டிக் பையோட சேத்துக்குள்ள கிடந்தது. "பண்டிகையைப் பத்தி அப்புறம் பேசலாம் பாட்டி, வீடு கழுவத்தானே வேணும்"னு சொல்லித்தான் உள்ளே போனோம்.

வெள்ள வீட்டைக் கழுவுறதுக்கு ஒரு வரிசை இருக்கு. இனிமேலும் உதவும்னு எழுதறோம். முதல்ல மெயின் சுவிட்ச்சை அணைச்சிருக்கான்னு பார்க்கணும். வயர்மேன் வந்து பார்க்காம எந்தப் பிளக்கையும் போடக்கூடாது. ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாம யாரும் உள்ளே இறங்கக்கூடாது, எலி மூத்திரத்தால வர்ற காய்ச்சல் உயிரையே எடுத்துடும். மூலை, அலமாரிக்கு அடியில பாம்பு இருக்கான்னு கம்பால தட்டிப் பார்க்கணும். சேறு ஈரமா இருக்கும்போதே வாரிடணும், காஞ்சா சிமெண்டு மாதிரி பிடிச்சுக்கும். முதல்ல நல்ல தண்ணி, பிறகு சோப்பு, கடைசியில குளோரோக்ஸ். அதோட கக்கூஸ் கழுவுற ஆசிட்டைக் கலந்துடாதீங்க, விஷப்புகை வரும். ஒட்டிக்கிட்ட போட்டோக்களைப் பிய்க்காதீங்க. சுத்தமான தண்ணியில ஊறப்போட்டு, மெதுவா பிரிச்சு நிழல்ல காய வைங்க. பாட்டியோட கல்யாணப் படம் அப்படித்தான் தப்பிச்சது.

இன்னொரு ஒழுங்கும் அன்னைக்கே வெச்சுக்கிட்டோம். மத்தவங்க சாமிப் பொருளைக் கேட்காம தொடக்கூடாது. குடில்ல வைக்கிற பொம்மைங்க சேத்தோட ஒரு பெட்டியில இருந்தது. பாட்டிகிட்ட கேட்டோம். "நீங்களே கழுவுங்க, எனக்குக் குனிய முடியல"ன்னாங்க. புது வாளியில தண்ணி பிடிச்சு, நம்ம சந்நிதிப் பொருளை எப்படிக் கழுவுவோமோ அப்படியே ஒவ்வொண்ணா கழுவித் துணி மேல அடுக்கினோம். பக்கத்து மலாய்க்கார வீட்டுல குர்ஆன் நனைஞ்சிருந்தது. அதை நாங்க தொடல. சூராவ்ல சொல்லி அவங்க ஆளே வந்து எடுத்துக்கிட்டார். விபூதி கொண்டு போறது, தோரணம் கட்டுறது எதுவும் கிடையாது. அவங்க வீடு, அவங்க பண்டிகை. நாம கழுவ மட்டும்தான் போறோம்.

பாத்திர விஷயத்தையும் சொல்லிடறோம், அதைப் பத்தியும் கேள்வி வந்தது. கிறிஸ்துமஸ் அன்னைக்கு அவங்க ஆட்டுக்கறி சமைப்பாங்க. கோயில் பாத்திரத்தை அதுக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் இல்ல. தொண்டர்கள் அவங்கவங்க வீட்டிலிருந்து ரெண்டு குண்டான், ஒரு கேஸ் அடுப்பு, தட்டுகள் கொண்டு வந்து கொடுத்தாங்க.

23-ஆம் தேதி சமையலறைச் சேத்துக்குள்ள அந்த அச்சு கிடைச்சது. பாட்டியோட அம்மா தோட்டத்துல இருந்தப்போ வாங்கின இரும்பு அச்சு. புளி போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் தடவிப் பாட்டி கையில கொடுத்தோம். ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, "அரிசி மாவு கிடைக்குமான்னு பாரு"ன்னாங்க. அவ்வளவுதான், கிறிஸ்துமஸ் உண்டுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

24-ஆம் தேதி சாயங்காலம் அந்த வீடு எப்படி இருந்ததுன்னா, சுவத்துல நெஞ்சு உயரத்துக்குத் தண்ணிக் கோடு அப்படியே இருந்தது. மகன் பெயிண்ட் அடிக்கணும்னு துடிச்சார். ஈரச் சுவர்ல அடிச்சா பொக்குப் பொக்கா உரிஞ்சு வரும், சில வாரம் காயணும்னு நாங்கதான் தடுத்தோம். சோபா இல்ல. அயலார் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலி ஆறு. ஒரு மூலையில குடில், பேட்டரியில எரியுற நட்சத்திரம். ஒரு டின் அச்சு முறுக்கு. முதல் முறுக்கைப் பாட்டி குடில் முன்னால வெச்சாங்க, ரெண்டாவதை எங்க கூட்டத்துச் சின்னப் பையனுக்குக் கொடுத்தாங்க.

இப்போ கேள்விக்கு வருவோம். அப்பர் சுவாமிகளை எந்தக் கோயில்ல பார்த்தாலும் கையில உழவாரம் இருக்கும். பிரகாரத்துப் புல்லைச் செதுக்கிச் சுத்தம் பண்ற கருவி அது. அதைப் பிடிச்சவங்கன்னு சொல்லிக்கிட்டுத்தான் நாமும் மாசத்துக்கு ஒரு ஞாயிறு கோயிலைக் கழுவுறோம். ஆறு கரை தாண்டி வந்து நம்ம அயலார் வீட்டுல சேத்தைக் கொட்டிட்டுப் போனா, அந்தக் கருவி பிரகாரத்தோட நின்னுடணுமா? நிக்கக்கூடாதுன்னுதான் நாங்க நினைக்கிறோம்.

இது புதுப் பழக்கமும் இல்ல. புத்ராஜெயா கட்டுறதுக்காகப் பிராங் பெசார் முதலான தோட்டங்களை எடுத்தப்போ, அங்கிருந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா பிளாட்டுக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்காங்க. தோட்டத்து வாழ்க்கையைப் பத்தி அந்தப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. லயத்துல ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் முருகன் படம், அந்தப் பக்கம் மாதா படம். தீபாவளிக்கு அவங்க வந்து முறுக்கு பிழிவாங்க, கிறிஸ்துமஸுக்கு நாம போய் உருண்டை பிடிப்போம்.

வெள்ளம் இல்லாத வருஷத்துலயும் இதைத் தொடர்றதுக்குக் காரணம் ஒண்ணுதான். பட்டியல் போட ஆரம்பிச்ச பிறகுதான் தனியா இருக்கிற வயசானவங்க எத்தனை பேர்னு தெரிஞ்சது. பிள்ளைங்க சிங்கப்பூர்லயோ ஜொகூர்லயோ இருப்பாங்க, 24-ஆம் தேதி ராத்திரிதான் வந்து சேருவாங்க. அதுக்குள்ள ஃபேன் துடைக்க, திரைச்சீலை மாட்ட, பரண்ல இருக்கிற குடில் பெட்டியை இறக்க ஆள் இல்ல. இதே உதவி தீபாவளிக்கு முன்னால நம்ம பக்தர்கள் வீட்டுக்கும், நோன்புப் பெருநாளுக்கு முன்னால கேட்கிற வீட்டுக்கும் உண்டு.

இந்த வருஷமும் 22, 23, 24 மூணு நாள், காலை பூஜை முடிஞ்சு பிரசாதம் சாப்பிட்டுட்டு எட்டரை மணிக்குக் கிளம்பறோம். ஏணி உள்ளவங்க கொண்டு வாங்க. பழைய வேட்டி, துண்டு இருந்தா துடைக்கக் கொடுங்க. பணம் வேண்டாம். உங்க பிளாட்டுல, உங்க தாமான்ல உதவி தேவைப்படுற வயசானவங்க இருந்தா, முதல்ல அவங்ககிட்ட சம்மதம் கேட்டுட்டு எங்ககிட்ட சொல்லுங்க. வர முடியாதவங்க, பக்கத்து வீட்டுக் கதவையாவது ஒரு தடவை தட்டிப் பாருங்க.

திருச்சிற்றம்பலம்.

அன்புடன்,
கோயில் தொண்டர்கள், டெங்கில்