கையெழுத்து இல்லாத கடிதங்கள்

“இந்த இன்டர்நெட் வந்த பிறகுதான் சார் ஜனங்க இப்படிக் கெட்டுப் போனாங்க” என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். ஏதோ ஒரு பூவின் படத்தையோ நடிகரின் படத்தையோ முகமாக வைத்துக்கொண்டு, பொய்ப் பெயருக்குப் பின்னால் ஒளிந்து, முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டுகிறார்களே, அதைப் பார்த்து வரும் கோபம் அது. கோபம் நியாயம்தான். ஆனால் சரித்திரம் சரியில்லை. கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே இதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருந்தது: மொட்டைக் கடுதாசி. அந்தக் கடுதாசிகளைப் பிரித்துப் படித்துக் குறிப்பு எழுதுவதே எனக்கு மூன்று வருடம் உத்தியோகமாக இருந்தது.

எண்பதுகளின் கடைசியில், நான் பணியாற்றிய வங்கியின் மண்டல அலுவலகத்தில் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் என்னைப் போட்டார்கள். வாரத்துக்கு நாலைந்தாவது வரும். இன்லண்ட் லெட்டர், தபால் கார்டு, சில சமயம் நம் வங்கியின் பழுப்பு உறையிலேயே வரும்! எழுத்து அடையாளம் தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதியவை, பத்தாவது படிக்கும் பிள்ளையை விட்டு எழுதச் சொன்னவை, டைப் அடித்து நிதி அமைச்சர் வரை கார்பன் காப்பி போட்டவை. கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூர் போய்த் தபாலில் சேர்ப்பார், முத்திரை காட்டிக் கொடுத்துவிடக் கூடாதல்லவா. அடியில் “உண்மை விளம்பி”, “நலம் விரும்பி”, “பாதிக்கப்பட்ட பொதுமக்கள்” என்று இருக்கும். பொதுமக்கள் என்று போட்டால் அநேகமாக ஒரே ஆள்தான்.

என் மேலதிகாரி ஒருவர், பழுத்த அனுபவசாலி, கடிதத்தின் முதல் பக்கத்தைப் படிக்கவே மாட்டார். நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போவார். “முதல் பக்கத்துல மேனேஜரைப் பத்தி இருக்கும்யா. ரெண்டாம் பக்கத்துல எழுதினவனைப் பத்தி இருக்கும். கையெழுத்துப் போடலைன்னா என்ன, வயித்தெரிச்சலைப் போட்டிருக்கானே” என்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பதவி உயர்வு கிடைக்காதது, லோன் மறுக்கப்பட்டது, ஓவர்டைம் பங்கீட்டில் மனத்தாங்கல் என்று ஏதாவது ஒன்று இரண்டாம் பக்கத்தில் தலை நீட்டும்.

அந்த நூற்றுக்கணக்கான கடிதங்களில் இரண்டு மட்டும் இன்னும் எனக்கு வரிவரியாக நினைவிருக்கின்றன.

ஒன்று, ஒரு சிறிய ஊர்க் கிளையில் இருந்த பெண் குமாஸ்தாவைப் பற்றியது. கணவர் இறந்து, கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். சின்ன வயது, கையில் ஒரு பெண் குழந்தை. அவரையும் கிளை மேலாளரையும் சேர்த்து நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. எங்களுக்கு வந்ததை “நடவடிக்கை தேவையில்லை” என்று கோப்பில் போட்டு மூடிவிட்டோம். ஆனால் இன்னொரு பிரதி அவருடைய மாமியார் வீட்டுக்கும் போயிருந்தது. குழந்தையை அந்த வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அடுத்த வாரமே குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேறொரு வேலையாக அந்தக் கிளைக்குப் போனபோது அவரைச் சந்தித்தேன். மாற்றல் கேட்டு மனு கொடுத்திருந்தார். அவர் எந்தத் தேதியில் அரை நாள் லீவு எடுத்தார் என்பது அந்தக் கடிதத்தில் துல்லியமாக இருந்தது. அது வருகைப் பதிவேட்டைப் பார்க்கக் கூடியவருக்கு மட்டுமே தெரியும். கிளையில் அவரைத் தவிர பத்துப் பேர். மத்தியானம் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருவர் ஊறுகாய் பாட்டிலை நகர்த்தினார், ஒருவர் தன் வீட்டு வெண்டைக்காய்ப் பொரியலை எல்லோருக்கும் வைத்தார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: “எழுதினது யாருன்னு தெரிஞ்சா ஒருத்தரைத்தான் சார் வெறுப்பேன். இப்ப பத்துப் பேர் முகத்தையும் பார்க்க முடியலை.”

மாற்றல் கிடைத்தது. எழுதியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

இன்னொன்று ஒரு தபால் கார்டு. நாலே வரி. எங்கள் மண்டலத்தில் உள்ள ஒரு கிளையின் பெயர், நகைக் கடன் பைகளின் எண்கள் இத்தனையிலிருந்து இத்தனை வரை, “வேறு அப்ரைசரை வைத்து உரசிப் பார்க்கவும்” என்று ஒரு வரி. அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை, மேலாளர் பெயர்கூட இல்லை. இரண்டாம் பக்கமே இல்லாத கடிதம். என் மேலதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல வயித்தெரிச்சலைக் காணோமே” என்றார். மறுநாளே வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரைக் கூட்டிக்கொண்டு போனோம். உரைகல்லில் தேய்த்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் முலாம் பூசியவை. கிளை மேலாளரும் அப்ரைசரும் கூட்டு.

அந்தக் கார்டை எழுதியது யார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அந்தக் கிளையில் தினக்கூலிக்குத் தண்ணீர் பிடித்து வைத்து, லெட்ஜர் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் ஆள். நகைப் பெட்டகம் திறக்கும்போதெல்லாம் கூடவே நின்றவர். அவர் பெயர் போட்டு எழுதியிருந்தால், கடிதம் எங்கள் கைக்கு வரும் முன்பே அவர் வேலை போயிருக்கும். நிரந்தரமில்லாதவருக்கு மெமோகூடக் கொடுக்கத் தேவையில்லையே, “நாளையிலிருந்து வராதே” என்றால் முடிந்தது.

இரண்டிலும் கையெழுத்து இல்லை. முகமூடி ஒன்றுதான். முதல் கடிதத்தில் அதைப் போட்டுக்கொண்டவர் தன்னைவிட எளியவர் ஒருவரை அடித்தார். அடுத்ததில், தன்னை நசுக்கக்கூடியவர்களைப் பற்றி எழுதினார் ஒருவர். அதனால்தான் முகமூடியே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு என்னால் சேர முடிவதில்லை.

அரசாங்கம் ஒருமுறை அப்படித்தான் சொன்னது. 1999 ஜூனில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், மொட்டைக் கடிதங்கள் மீதும் பொய்ப் பெயரில் வரும் கடிதங்கள் மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம், கோப்பில் சேர்த்து மூடிவிடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியது. நேர்மையான அதிகாரிகளை அலைக்கழிக்கவே இவை பயன்படுகின்றன என்பது காரணம். நான் அப்போது வேறு பிரிவுக்குப் போய்விட்டேன். சுற்றறிக்கையைப் படித்தபோது அந்தப் பெண் குமாஸ்தாவை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷமே அந்தத் தபால் கார்டு ஞாபகம் வந்தது. இந்த விதிப்படி அதுவும் குப்பைதான். 2002இல், சரிபார்க்கக்கூடிய விவரங்கள் இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு விசாரிக்கலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள்.

அதே 2002 நவம்பரில்தான் சத்யேந்திர துபே பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்காக வேலை பார்த்தவர். ஒப்பந்தங்களில் நடக்கும் முறைகேடுகளை விவரமாக எழுதினார். கடிதத்தில் கையெழுத்து இல்லை. ஆனால் பெயரில்லாத புகாரை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று தெரிந்து, தன்னைப் பற்றிய விவரங்களைத் தனித் தாளில் இணைத்து, அதை ரகசியமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். பிரதமர் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம், பெயரோடு சேர்ந்தே, துறை துறையாகச் சுற்றியது. மேலே குறிப்பு எழுதிய எத்தனை கைகள் அந்தத் தனித் தாளைப் பார்த்திருக்கும் என்று, அதே மாதிரி குறிப்பு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில், நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 2003 நவம்பர் 27 விடியற்காலை கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. வழிப்பறிக் கொலை என்பது சி.பி.ஐ.யின் முடிவு. 2010இல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. அவர் குடும்பத்தார் அதை ஏற்கவில்லை.

அதன்பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 2004இல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. புகாரை உறையில் போட்டு ஒட்ட வேண்டும். உறையின் மேல் அனுப்புநர் பெயர் கூடாது, உள்ளே இருக்க வேண்டும். ஆணையத்துக்கு மட்டும் ஆள் யாரென்று தெரியும். புகாருக்கு உள்ளானவருக்குத் தெரியாது. பெயரே இல்லாமல் வந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். உறையைப் பிரிப்பவரின் வாயையும் ஒட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

சரி, இன்டர்நெட்டுக்கு வருகிறேன். எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டால் வசவு நின்றுவிடும் என்கிறார்களே, அதைச் செய்து பார்த்த நாடு உண்டு. தென் கொரியாவில் 2007இல், பெரிய இணையதளங்களில் எழுதுபவர்கள் தங்கள் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்து அடையாளத்தை நிரூபித்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். நம் ஆதார் எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வசவு பெரிதாகக் குறையவில்லை. 2011இல் இரண்டு தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. அந்நாட்டின் மக்கள்தொகையே 5 கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

கொரியா வரை போவானேன்? எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் சொந்தப் பெயர், சொந்தப் படம், எந்த வருடம் எந்தக் கிளையில் இருந்தார் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். அங்கே பென்ஷன் விவகாரத்தில் ஆரம்பித்து அரசியலில் முடிந்த ஒரு சண்டையில், இருபது வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சொன்னதை என் மனைவிக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை. ஒருவர் மற்றவரின் இறந்துபோன மகனை இழுத்தார். அந்தப் பையனின் காரியத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான்.

இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இருவர், லாபிடோட்-லெஃப்லர், பராக் என்பவர்கள், 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 142 பேரை இருவர் இருவராகக் கணினி வழியே விவாதிக்க வைத்தார்கள். சிலருக்கு எதிராளியின் பெயர் விவரங்கள் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருக்குக் காமிராவில் உருவம் தெரியும், சிலருக்கு இல்லை. சிலருக்கு மட்டும் கண்ணும் கண்ணும் நேராகச் சந்திக்கும்படி காமிராவைப் பொருத்தினார்கள். திட்டும் மிரட்டலும் கூடக் காரணமாக இருந்தவற்றில் முதலிடம் பெற்றது பெயர் தெரியாதது அல்ல, கண்ணைப் பார்க்க முடியாதது. இதைப் படித்தபோது எனக்கு அந்த மத்தியானச் சாப்பாடுதான் நினைவுக்கு வந்தது. நாலு பக்கம் எழுதிய ஆசாமி, அந்தப் பெண்ணின் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு வார்த்தை தப்பாகப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்.

முகம் தெரியாததால் நல்லதும் நடக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்புக்குப் போன் செய்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாக வேண்டும் போலிருக்கிறது என்பதைக் கூடப்பிறந்தவரிடம் சொல்ல முடியாதவர்கள், யாரென்றே தெரியாத ஒரு குரலிடம் சொல்கிறார்கள்.

போன மாதம் என் தங்கையின் பேத்தி வந்திருந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளுடைய குழுத் தலைவன் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை. எப்படி என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறொரு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் எழுதி வைத்திருந்தாள். வெளியிடுவதற்கு முன் என்னிடம் காட்டினாள்.

“பேர் போடணுமா தாத்தா?”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய பழக்கம், நேராக இரண்டாம் பாதிக்குப் போனேன். அவனுடைய மனைவியைப் பற்றி நாலு வரி, அவன் தோற்றத்தைப் பற்றி ஒரு வரி. “இதை எடுத்துடும்மா” என்றேன். தபால் கார்டு கதையையும் சொன்னேன். 2013ஆம் வருடச் சட்டப்படி அலுவலகத்துக்குள்ளேயே ஒரு குழு இருக்க வேண்டும், அங்கே பெயரோடு எழுதிக் கொடுக்க வேண்டும், ஆனால் அந்தப் பெயரை வெளியே விடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பதை அவள் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தாள். “உள்ள இருக்கிறவங்க வெளிய சொல்ல மாட்டாங்கன்னு நீங்க சொல்வீங்களா?” என்று கேட்டாள். நாற்பது வருடம் ஆபீஸில் இருந்தவன் நான். சொல்வேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து புதிதாக எழுதினாள். தேதி, நேரம், அறை, அவன் அனுப்பிய செய்திகளின் நகல். ஒரு பக்கம்தான் வந்தது. அடியில் பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.